தர்பார் செலவு, போர்ச் செலவு: பற்று யார் கணக்கில்?

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் துவாரகாவாசிகளுக்கு டூர் புரோகிராம் மனப்பாடம். குதுப் மினார், செங்கோட்டை, அக்ஷர்தாம், கரோல் பாகில் ஷாப்பிங், ராத்திரி இந்தியா கேட் பக்கம் ஐஸ்கிரீம். ஆக்ரா தனி. வருகிறவர்களும் கேட்காத, நாமும் கூட்டிப்போகாத இடம் ஒன்று வடக்கு தில்லியில் இருக்கிறது. கொரோனேஷன் பார்க். நம் ஏரியாவிலிருந்து ப்ளூ லைன் பிடித்து ராஜீவ் சௌக்கில் மாறி, யெல்லோ லைனில் ஜிடிபி நகர் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. புராரி பக்கம் என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்.

பெரிய மைதானம். நடுவில் ஒரு கல் தூண். ஒரு பக்கம் வெள்ளைக்காரச் சிலைகள். அதில் எல்லோரையும்விட உயரமாக நிற்பவர் ஐந்தாம் ஜார்ஜ். இந்தியா கேட்டுக்குப் பின்னால் ஒரு கல் மண்டபம் இருக்கிறதே, அதற்குள் நின்றவர் இவர்தான். 1968-ல் அங்கிருந்து எடுத்து இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

வெள்ளைக்கார அரசாங்கம் நம் ஜனங்களை மொத்தமாகக் கூப்பிட்டது இரண்டு சந்தர்ப்பங்களில்தான் என்று எனக்குத் தோன்றும். ஒன்று, அவர்கள் ராஜா வீட்டு விசேஷம். இன்னொன்று, அவர்கள் போடும் சண்டை. மற்ற நாட்களில் கலெக்டர், தாசில்தார், வரி, கோர்ட்டு என்று போய்க்கொண்டிருக்கும். இந்த இரண்டு சமயங்களில் மட்டும் பந்தல், பேண்டு வாத்தியம், சந்தா வசூல், பட்டம், மெடல் எல்லாம் ஊர் ஊராக வரும். சரித்திரப் புத்தகங்களில் விசேஷம் ஒரு அத்தியாயம், போர் வேறொரு அத்தியாயம். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் லெட்ஜர் பார்த்துப் பிழைப்பவன். எனக்கு இரண்டும் ஒரே லெட்ஜரின் இரண்டு பக்கங்களாகத்தான் தெரிகின்றன. பற்று எழுதின கணக்கு ஒன்றுதான்.

முதல் தர்பார் 1877 ஜனவரி 1. விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்ரவர்த்தினி என்று இங்கே அறிவித்தார்கள். ராணி வரவில்லை. இங்கிலாந்திலேயே இருந்தார். வைஸ்ராய் லிட்டன் பிரபுதான் எல்லாம். தேசம் முழுவதிலிருந்தும் மகாராஜாக்கள், நவாபுகள், யானைகள், கூடாரங்கள். ஒரு வாரக் கொண்டாட்டம். விருந்தில் 68,000 பேர் என்று எழுதியிருக்கிறார்கள்.

இதே நேரத்தில் நம் ஊரில் என்ன நடந்தது என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. தாது வருஷப் பஞ்சம். 1876-ல் மழை பொய்த்தது. 1878 வரை பஞ்சம் நீடித்தது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாயின் தக்காணப் பகுதி எல்லாம் சுருண்டன. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த நிலைமையில் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் தர்பாருக்காக தில்லிக்கு வந்துவிட்டார். தர்பார் நடந்த நாட்களில் மட்டும் சென்னையிலும் மைசூரிலும் ஒரு லட்சம் பேர் பட்டினியால் செத்திருப்பார்கள் என்று ஒரு ஆங்கிலேயப் பத்திரிகையாளரே பிற்பாடு மதிப்பிட்டார். எண் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் விருந்தும் பட்டினியும் ஒரே வாரத்தில், ஒரே அரசாங்கத்தின் கீழ் நடந்தன என்பதில் முன்னே பின்னே ஒன்றும் இல்லை.

கொண்டாட்டத்துக்குப் பணம் இருந்தது. பஞ்சத்துக்குச் சிக்கனம் வந்தது. அந்த ஜனவரியிலேயே ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை லிட்டன் தெற்கே அனுப்பினார். இந்த டெம்பிள் 1874-ல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துப் பலரைக் காப்பாற்றியவர். அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, கண்டபடி செலவழித்தார் என்ற கெட்ட பெயர். (ஆடிட் அப்ஜெக்‌ஷன் வாங்கின மேனேஜர் அடுத்த வருஷம் எப்படி நடந்துகொள்வார் என்று வங்கிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.) இந்த முறை அவர் கையை இறுக்கிவிட்டார். நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னையின் சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது உயிர் வாழவே போதாது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலியை உயர்த்தினார்கள். தானிய ஏற்றுமதியை நிறுத்தவும் அரசு மறுத்துவிட்டது. வியாபாரத்தில் தலையிடக்கூடாது என்பது அவர்கள் சித்தாந்தம்.

சென்னைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப்போகும் பக்கிங்ஹாம் கால்வாய் இருக்கிறதே, அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு இந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டியதுதான். பட்டினி கிடந்தவர்கள் வெட்டினார்கள். தர்பாருக்குப் போன கவர்னரின் பெயரை வைத்தார்கள்.

இலங்கை, பர்மா, மலாயா என்று நம் ஜனங்கள் கப்பல் ஏறியதற்கு அந்தப் பஞ்சம் ஒரு பெரிய காரணம். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிறோம். ஏசி கோச்சில் ஏறி வந்த நமக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் அந்த வரிசையில் கடைசியில் நிற்பது நாம்தான். பினாங்கில் இருக்கும் நண்பர்கள் அங்குள்ள விக்டோரியா மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள். ராணி பட்டத்துக்கு வந்து 60 வருஷம் ஆனதற்கு, 60 அடி உயரத்தில் கட்டியது. சென்னையில் விக்டோரியா பப்ளிக் ஹால், எழும்பூர் மியூசியத்தில் விக்டோரியா நினைவு மண்டபம். போகிற இடமெல்லாம் ராணி கூடவே வந்திருக்கிறார்.

1903 தர்பாரைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஏழாம் எட்வர்டுக்குப் பட்டம் சூட்டியதற்காக கர்சன் பிரபு நடத்தியது. எட்வர்டும் வரவில்லை, தம்பி கன்னாட் கோமகனை அனுப்பினார். கர்சனுக்கே பட்டாபிஷேகம் நடந்த மாதிரி இருந்ததாகக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. கன்னாட்டின் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார். (கன்னாட் பிளேஸும் அவர் பெயர்தான்.)

1911-க்கு வருவோம். இதற்கு ராஜாவே வந்தார். ஆனால் அந்த வருஷத்தின் கதை தில்லியில் ஆரம்பிக்கவில்லை. நம் திருநெல்வேலிச் சீமையில், மணியாச்சி ஜங்ஷனில் ஆரம்பிக்கிறது. ஜூன் 17, 1911. ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுவிட்டு, தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டும் விஷயம் வருகிறது. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டரில் அவருக்கு முடிசூட்டியது ஜூன் 22. ஐந்தே நாள் இடைவெளி. பள்ளிக்கூடத்தில் வாஞ்சி மணியாச்சி என்று படித்தோம், தில்லி தர்பார் என்றும் படித்தோம். இரண்டையும் யாரும் சேர்த்துச் சொல்லித்தரவில்லை.

டிசம்பர் 12, 1911. இந்த கொரோனேஷன் பார்க் மைதானத்தில்தான் ஜார்ஜும் மேரி ராணியும் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்கள். கல் தூண் நிற்பது அந்த இடத்தின் அடையாளமாக. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறுகிறது என்ற அறிவிப்பு அன்றுதான் வந்தது. மூன்று நாள் கழித்துப் புது நகரத்துக்கு அஸ்திவாரக் கல்லும் இந்தப் பக்கமே வைத்தார்கள். அப்புறம் இடம் சரியில்லை என்று ரைசினா குன்றுக்கு மாற்றிக்கொண்டார்கள். மாற்றாமல் இருந்திருந்தால் இன்று பார்லிமெண்ட் புராரி பக்கம் இருந்திருக்கும், ஆட்டோக்காரரும் திணற மாட்டார் :-)

பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் செய்தது அந்தக் கால பரபரப்பு. மற்ற ராஜாக்கள் போல நகை நட்டெல்லாம் போட்டுக்கொள்ளாமல், ஒரே ஒரு தடவை லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, ராஜாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்துவிட்டார். வேண்டுமென்றே செய்தாரா, பதற்றமா என்று இன்றுவரை பட்டிமன்றம். பிற்பாடு மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஆனால் அதை ஃபிலிம் எடுத்துவிட்டார்கள்!

எனக்கு இந்த தர்பாரில் பிடித்த விஷயம், பிடித்த என்று சொல்லக்கூடாது, விடாமல் உறுத்துகிற விஷயம், அந்தக் கிரீடம். இங்கிலாந்து ராஜாவின் கிரீடத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கிரீடம் இல்லாமல் சக்ரவர்த்தி எப்படி உட்கார்வது? எனவே இந்தியாவுக்கென்று தனியாக ஒன்று செய்தார்கள். லண்டன் கராட் கம்பெனி செய்தது. 6,000-க்கும் மேல் வைரங்கள். செலவு 60,000 பவுன். பணம் இந்திய கஜானாவிலிருந்து. ராஜா அன்று மூன்றரை மணி நேரம் அதைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். கனம் தாங்காமல் தலை வலித்ததாக டயரியில் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் எந்த ராஜாவும் அதைச் சூடவில்லை. லண்டன் டவரில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பேரும் இன்றுவரை இந்தியாவின் கிரீடம்தான்.

நாம் எல்லோரும் கோஹினூரைத் திருப்பிக் கேட்கிறோம். அதற்குப் போர், உடன்படிக்கை, சின்னப் பையனான மகாராஜா என்று ஆயிரம் சிக்கல்கள் உண்டு. இந்தக் கிரீடத்துக்குப் பில்லே இருக்கிறது. செலவு நம் கணக்கில், சொத்து அவர்கள் பாலன்ஸ் ஷீட்டில். எந்த ஆடிட்டராவது இதைப் பாஸ் பண்ணுவாரா?

அதே 1911-ல் ஒரு ரூபாய்க் காசும் பட்டுவிட்டது. புது ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். அவர் அங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை. அச்சில் அந்த யானையின் துதிக்கை சரியாக விழாமல் பன்றி மாதிரி தெரிந்துவிட்டது. பன்றியை நெஞ்சில் மாட்டியிருக்கிறார் ராஜா என்று முஸ்லிம்களிடையே அதிருப்தி கிளம்பியது. வெளியே விட்ட காசைத் திரும்ப வாங்கி, மிச்சத்தை உருக்கி, 1912-ல் யானையைச் சரி செய்து மறுபடி அடித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்று காசு சேர்ப்பவர்களிடம் இன்று நல்ல விலை.

அடுத்த வருஷம், 1912 டிசம்பர் 23, வைஸ்ராய் ஹார்டிங் யானைமேல் ஏறிப் புதுத் தலைநகரத்துக்குள் நுழைந்தபோது சாந்தினி சௌக்கில் குண்டு விழுந்தது. அவர் காயத்தோடு பிழைத்தார், குடை பிடித்தவர் செத்தார். விசேஷக் காலம் முடிந்தது. இரண்டு வருஷத்துக்குள் போர்க் காலம் வந்தது.

எங்கள் தாத்தா கண்டிப்பான ஆளைப் பார்த்தால், "அவன் சரியான எம்டன்" என்பார். உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஒன்பதரை மணி வாக்கில், விளக்குகள் எல்லாம் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்த மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. சிலர் இறந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் கப்பல் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு பல நாள் ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்தால் மெட்ராஸின் ஒரு ராத்திரியைக் காப்பாற்ற முடியவில்லை என்பது பாமரனுக்கும் புரிந்துவிட்டது. எம்டன் நவம்பரில் கோகோஸ் தீவருகே அழிந்தது, தமிழில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் வசூல் ஆரம்பித்தது. கவர்னர் பென்ட்லண்ட் தலைமையில் மெட்ராஸ் போர் நிதி. அதில் ஒரு ஆஸ்பத்திரிக் கப்பலையே தயார் செய்தார்கள். பெயர் 'மெட்ராஸ்'. நல்ல காரியம்தான், அடிபட்ட சிப்பாய்களைச் சுமந்த கப்பல், குறை சொல்லமாட்டேன். ஆனால் வசூல் செய்த வழி தர்பார் வழியேதான். கலெக்டர் கூட்டம் போடுவார். மிராசுதார், செட்டியார், வக்கீல் எல்லோரும் முன்வரிசையில். யார் எவ்வளவு எழுதினார் என்று மேடையில் படிப்பார்கள். நிறைய எழுதினவருக்கு ஜூன் மாத ராஜா பிறந்தநாள் பட்டியலில் ராவ் பகதூர், திவான் பகதூர் கிடைக்க வாய்ப்பு. ராஜா பிறந்தநாளும் சண்டையும் ஒரே பந்தலில்.

1917-ல் இந்திய அரசு பிரிட்டனுக்குப் போர் நன்கொடையாக 10 கோடி பவுன் கொடுத்தது. அன்றைய மாற்று விகிதத்தில் 150 கோடி ரூபாய். போருக்கு முந்தைய ஒரு வருஷ அரசாங்க வருவாயைவிட அதிகம். 'நன்கொடை' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கொடுத்தவர் வைஸ்ராய் சர்க்கார், வாங்கியவர் லண்டன் சர்க்கார். வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட்டுக்கு. ஆனால் சட்டை நம்முடையது. கையில் அவ்வளவு பணம் ஏது? அதனால் போர்க் கடன் பத்திரம் போட்டு ஜனங்களிடம் வாங்கினார்கள். சாமானியர்களுக்காக தபாலாபீசில் கேஷ் சர்டிபிகேட் அறிமுகமானது அப்போதுதான். ஏழு ரூபாய் பன்னிரண்டு அணா கட்டினால் ஐந்து வருஷத்தில் பத்து ரூபாய். இன்று நாம் மார்ச் மாதம் வரி மிச்சம் பிடிக்க ஓடிப்போய் வாங்கும் தபாலாபீஸ் பத்திரங்களின் தாத்தா அது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். அந்த நன்கொடைக்குப் பதிலாக, இறக்குமதித் துணிக்கு வரியை மூன்றரை சதவீதத்திலிருந்து ஏழரையாக உயர்த்த இந்திய அரசுக்கு அனுமதி கிடைத்தது. லங்காஷயர் மில் முதலாளிகள் குய்யோ முறையோ என்று கத்தினார்கள். நம் மில்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

போரில் வெள்ளி விலை எகிறியது. அவுன்ஸ் 43 பென்ஸ் தாண்டியதும் ரூபாய்க் காசுக்குள் இருக்கிற வெள்ளி, ரூபாயைவிட மதிப்பாகிவிட்டது. அப்புறம் யார் காசைச் செலவு செய்வார்கள்? பானைக்குள் போனது, உருக்குச் சட்டிக்குள் போனது. வேறு வழியில்லாமல் 1917 நவம்பர் 30 அன்று முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாயின் படத்தை அதிலேயே அச்சடித்திருந்தார்கள். காசு இல்லை, காசின் படம் இருக்கிறது! அடுத்து இரண்டரை ரூபாய் நோட்டு, அதாவது இரண்டு ரூபாய் எட்டணா. பல ஊர்களில் கடைக்காரர்கள் நோட்டை முழு மதிப்புக்கு வாங்க மறுத்து வட்டம் பிடித்தார்கள். 1918-ல் நோட்டுக்கு வெள்ளி கொடுக்கமுடியாத நிலை நெருங்கியபோது காப்பாற்றியது அமெரிக்கா. தன் கஜானா டாலர்களை உருக்க பிட்மன் சட்டம் போட்டு, 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்கு விற்றது. ராஜாவின் முகத்துக்கு இருந்த நம்பிக்கை, அதற்குப் பின்னால் இருந்த உலோகத்துக்கான நம்பிக்கைதான் என்று அன்றைய கல்லாப்பெட்டி சொன்னது.

அந்தப் போருக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். 70,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அவர்கள் நினைவாகத்தான் இந்தியா கேட். 1921 பிப்ரவரியில் அஸ்திவாரக் கல் வைத்தவர் யார் தெரியுமா? அதே கன்னாட் கோமகன். 1903-ல் அண்ணனுக்குப் பதிலாக தர்பாருக்கு வந்தவர், இப்போது அண்ணன் மகனுக்குப் பதிலாகச் செத்தவர்களுக்குக் கல் வைக்க வந்தார். நடுவில் ஜாலியன்வாலா பாக் நடந்துவிட்டிருந்தது.

அதே வருஷம் நவம்பரில் இளவரசர் எட்வர்டு வந்தார். போரில் உதவியதற்கு நன்றி சொல்லும் விஜயம். பம்பாயில் அவர் இறங்கிய அன்றே ஹர்த்தாலும் கலவரமும். 1922 ஜனவரி 13, மெட்ராஸிலும் ஹர்த்தால். பத்து வருஷம் முன்பு ராஜாவைப் பார்க்க முண்டியடித்த தேசத்தில் கடைகள் மூடிக் கிடந்தன. அதற்கப்புறம் பெரிய தர்பார் நடக்கவே இல்லை. ஆறாம் ஜார்ஜுக்கு ஒன்று நடத்துவதாகப் பேச்சு இருந்தது, தள்ளித் தள்ளிப் போட்டு விட்டுவிட்டார்கள்.

இரண்டாம் போரில் ராஜா வீட்டுச் செய்தி வேறு மாதிரி. 1940 செப்டம்பரில் லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனை மேலேயே குண்டு விழுந்தது. ராஜாவும் ராணியும் ஊரைவிட்டுப் போகாமல் இடிபாடுகளுக்கு நடுவே ஜனங்களைப் பார்க்கப் போனார்கள். ரேஷன் எல்லோருக்கும் பொது. 1947-ல் எலிசபெத் கல்யாணப் புடவைக்கு, சரி, கவுனுக்கு, துணிக் கூப்பன் சேர்க்கவேண்டியிருந்தது. அந்த விஷயத்தில் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் ஜனங்கள் சேர்ந்து முடிவெடுத்த போர், சேர்ந்து கஷ்டப்பட்டார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்துவிட்டார், அவ்வளவுதான்.

மெட்ராஸில் மறுபடி கவர்னர் போர் நிதி. இந்த முறை விமானங்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர் சூட்டினார்கள். நம் ஊர்ச் சந்தாவுக்காக. ஆனால் 1942 ஏப்ரலில் ஜப்பான் கப்பல்கள் வங்காள விரிகுடாவுக்குள் வந்தபோது மெட்ராஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டது சர்க்கார். மிருகக்காட்சி சாலையில் புலி, சிங்கம் எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளினார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று. ஜனங்கள் தட்டுமுட்டுச் சாமானோடு மாட்டு வண்டியிலும் ரயிலிலும் ஊருக்கு ஓடினார்கள்.

இந்தப் போரின் செலவு இன்னும் சுவாரசியமான முறையில் நடந்தது. தெருமுனை அண்ணாச்சி கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய வீட்டுக்காரர் ஒருவர் தினமும் வந்து அரிசி, பருப்பு, துணி எல்லாம் எடுத்துக்கொண்டு, "கணக்குல எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்று போகிறார். நோட்டுப் புத்தகத்தில் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. கடையில் சரக்கு குறைந்துகொண்டே வருகிறது. அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைகளுக்கே சாப்பாட்டுக்கு இல்லை. ஆனால் புத்தகத்தைப் பார்த்தால் அண்ணாச்சி கோடீஸ்வரர்!

இதுதான் ஸ்டெர்லிங் பாக்கி. பிரிட்டன் இங்கே வாங்கிய சரக்குக்கும், அதன் பங்கில் வரும் படைச் செலவுக்கும் லண்டனில் பவுன் கணக்கில் வரவு வைத்தது. அந்த வரவைப் பிணையாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தது. போர் ஆரம்பித்தபோது 180 கோடி ரூபாய் அளவில் இருந்த நோட்டுப் புழக்கம், முடிந்த சமயத்தில் 1,200 கோடியைத் தாண்டிவிட்டது. விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல். சாதாரண குமாஸ்தா, கூலிக்காரன் பையிலிருந்து அந்தப் போருக்குப் போனது வரியாகப் போகவில்லை, விலையாகப் போனது. ரசீதும் கிடையாது. 1943 வங்காளப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் வரை இறந்ததற்குக் காரணங்கள் பல. பர்மா அரிசி நின்றது, படகுகளைப் பறிமுதல் செய்தது, பதுக்கல், சர்க்காரின் அலட்சியம் என்று. இந்த விலையேற்றமும் அதில் ஒன்று.

வெள்ளி மறுபடி பிரச்சினை. 1940-ல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். பழைய சுத்த வெள்ளிக் காசுகளைத் திரும்பப் பெற ஒவ்வொரு ராஜாவாகச் செல்லாது என்று அறிவித்தார்கள். முதலில் 1941-ல் விக்டோரியா. அடுத்து எட்வர்டு. அப்புறம் ஜார்ஜுகள். 1877-ல் அத்தனை யானைகளோடு சக்ரவர்த்தினி ஆக்கிய ராணியை, ஒரு சர்க்கார் நோட்டிஸில் செல்லாக்காசு ஆக்கியதும் அதே சர்க்கார்தான். காசுமாலையில் கோத்திருந்த ராணி காசுகள் மட்டும் தப்பின.

போர் முடிந்தபோது லண்டன் நமக்குத் தரவேண்டியது 1,700 கோடி ரூபாய் அளவில் இருந்தது. நமக்கு அவர்களிடம் இருந்த பழைய கடனையெல்லாம் தீர்த்த பிறகு! உங்களையும்தானே காப்பாற்றினோம், பாக்கியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று லண்டனில் குரல்கள் எழுந்தன. கடைசியில் 1948 ஜூலையில் ஒப்பந்தம் ஆயிற்று. இங்கே விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுன் கழித்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷனுக்கும் அதிலிருந்து ஒரு பெரிய தொகை. மிச்சத்தையும் உடனே எடுக்க முடியாது, தவணைதான். 1949-ல் பவுன் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தபோது நம் பாக்கியின் டாலர் மதிப்பும் 30 சதவீதம் ஒரே நாளில் போனது. மீதி, அணைகளுக்கும் ஆலைகளுக்கும் இயந்திரம் வாங்கி, ஐம்பதுகளின் முடிவுக்குள் பெரும்பாலும் கரைந்தது. அந்த வகையில் தாது வருஷ விருந்தைவிட இது பரவாயில்லை. கொஞ்சமாவது திரும்பி வந்தது.

தர்பார் நடந்த பக்கம் கிங்ஸ்வே கேம்ப் என்று ஒரு பேட்டை, ஜிடிபி நகர் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. ராஜாவுக்காகக் கூடாரம் போட்ட நிலங்களில் 1947-ல் மேற்கு பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளுக்குக் கூடாரம் போட்டார்கள். தில்லியின் மிகப்பெரிய அகதி முகாம் அதுதான். பெயரை மாற்ற யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

ஐந்தாம் ஜார்ஜ் காலி செய்த மண்டபம் 54 வருஷம் காலியாகவே இருந்தது. 2022 செப்டம்பர் 8, வியாழக்கிழமை சாயங்காலம், அங்கே நேதாஜியின் 28 அடி கிரானைட் சிலையைத் திறந்தார்கள். கிங்ஸ்வே என்று பிறந்து ராஜ்பத் ஆகியிருந்த சாலைக்கு அன்றே கர்தவ்ய பத் என்று பெயர் மாறியது. விழா நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது தங்கமணி சேனலை மாற்றினார், லண்டன் செய்தி. ஐந்தாம் ஜார்ஜின் பேத்தி, இரண்டாம் எலிசபெத் ராணி, அதே நாளில் ஸ்காட்லாந்தில் காலமாகிவிட்டார். நம் அரசு செப்டம்பர் 11-ஐ ஒரு நாள் துக்கமாக அறிவித்தது. தேசியக் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் இரண்டாம் சனி. வங்கிக்கு எப்படியும் லீவு.